குறைகள் தீராத வாழ்விலும் மனநிறைவு: படிப்படியான வழிகாட்டி

மனநிம்மதியைத் தேடும் நம்மில் பலர் அதற்கு முன்கூட்டியே ஒரு நிபந்தனை விதித்துவிடுகிறோம். கடன் அடைந்துவிட்டால், உடம்பு தேறிவிட்டால், பிள்ளைகள் ஒரு நிலைக்கு வந்துவிட்டால், பிரிந்துபோன உறவு திரும்பிவிட்டால் அதன்பிறகு நிம்மதியாக இருக்கலாம் என்று சொல்லிக்கொள்கிறோம். இந்த ஆசைகள் எதிலும் தவறில்லை. ஆனால் ஒரு குறை தீரும்போது, அதுவரை கண்ணில் படாமலிருந்த வேறொன்று முன்னே வந்து நிற்பதை வயதில் ஓரளவு கடந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். முதுமையும் நோயும் பிரிவும் எவரையும் விட்டுவைப்பதில்லை என்னும்போது, எல்லாம் சரியாகும் ஒரு நாளுக்காக நிம்மதியைத் தள்ளிவைத்துக்கொண்டே போனால் அது கைக்கு வராமலேயே போய்விடும்.

இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே கருத்தின் மீது நிற்கிறது. நமக்கு இருக்கும் குறை ஒன்று. அந்தக் குறை இருந்திருக்கவே கூடாது என்று மனத்துக்குள் நாம் ஓயாமல் நடத்தும் வழக்கு வேறொன்று. குறையைத் தீர்ப்பது எப்போதும் நம் கையில் இருப்பதில்லை. வழக்கை முடித்துக்கொள்வது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது. நம்மை இரவில் தூங்கவிடாமல் செய்வதும் பக்கத்தில் இருப்பவர் பேசுவதைக் காதில் விழாமல் செய்வதும் பல நேரங்களில் குறை அல்ல, அந்த வழக்குதான். கீழே உள்ள படிகளை வரிசையாகச் செய்வது நல்லது. முதல் இரண்டையும் ஒரு வாரத்துக்குள் முடிக்கலாம். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் மாதங்கள் ஆகலாம். அவற்றில் அவசரப்பட வேண்டாம்.

படி 1: குறையை எழுதிப் பாருங்கள்

மனத்தில் மட்டும் இருக்கும் வரையில் எந்தக் குறைக்கும் எல்லை இருப்பதில்லை. பணக்கவலையும் உடல்நலக் கவலையும் ஒரு பழைய அவமானமும் ஒன்றோடொன்று கலந்து, "என் வாழ்க்கையே சரியில்லை" என்ற ஒரே பாரமாக அழுத்தும். அதைப் பிரித்தெடுக்கத் தாளும் பேனாவும் போதும். எது உங்களை உறுத்துகிறதோ அதை ஒரு வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். எழுதிய பிறகு ஒவ்வொரு வரியையும் திரும்பப் படித்து, அதில் நடந்தது எவ்வளவு, அதன்மீது நீங்கள் எழுதிய தீர்ப்பு எவ்வளவு என்று பாருங்கள்.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். சொத்துப் பிரிவினையில் ஏற்பட்ட மனக்கசப்பால் அவருடைய அண்ணன் அவரோடு பேசுவதில்லை. தாளில் அவர் முதலில் எழுதுவது அநேகமாக இப்படி இருக்கும்: "கூடப் பிறந்தவனுக்கே வேண்டாதவனாகிவிட்டேன்." இதில் நடந்த செய்தி எதுவும் இல்லை, முழுவதும் தீர்ப்பு. அதையே மறுபடி எழுதச் சொன்னால், "அண்ணன் என்னிடம் பேசுவதில்லை. நான் இரண்டு முறை கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அவரை நினைக்கும்போது எனக்குத் துக்கமாக இருக்கிறது" என்று வரும். இரண்டாவது வடிவத்திலும் வலி இருக்கிறது. அது குறைத்துச் சொல்லப்படவில்லை. ஆனால் முதல் வரி அவருடைய வாழ்க்கை முழுவதையும் தன்னுள் இழுத்துக்கொண்டது. இரண்டாவது ஓர் உறவைப் பற்றியும் ஒரு துக்கத்தைப் பற்றியும் மட்டும் பேசுகிறது. எல்லை தெரிந்த துக்கத்தோடு மனிதர்களால் வாழ முடியும்.

எழுதுவதால் பயன் உண்டா என்பதை உளவியலாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவைச் சேர்ந்த ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் 1986-இல் வெளியிட்ட ஆய்வில், கல்லூரி மாணவர்கள் தங்கள் வாழ்வின் கடுமையான அனுபவங்களைத் தொடர்ந்து 4 நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினார்கள். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரிடம் குறைவாகவே சென்றார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்திருந்தது என்பதையும் அந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது. ஆகவே, முதல் நாள் எழுதியதும் அழுகை வந்தால் ஏதோ தவறாகிவிட்டதாக எண்ண வேண்டாம். மிக அண்மையில் நடந்த பேரிழப்பாக இருந்தால் மட்டும் எழுதுவதைச் சற்றுத் தள்ளிவையுங்கள். அந்த நேரத்தில் எழுத்தைவிட மனிதர்களின் துணைதான் தேவை.

படி 2: மூன்றாகப் பிரியுங்கள்

அடிமையாகப் பிறந்து, கால் ஊனத்தோடு வாழ்ந்து, பின்னாளில் பலருக்கு ஆசிரியரான எபிக்டெட்டஸ் என்ற தத்துவஞானி, நம் வசத்தில் உள்ளவை சில, நம் வசத்தில் இல்லாதவை சில என்று பிரித்துக் காண்பதையே தம் போதனையின் தொடக்கமாக வைத்தார். ஏறத்தாழ 1,900 ஆண்டுகளுக்குப் பிறகும் இதைவிடப் பயனுள்ள பிரிவினை எதையும் நான் அறிந்ததில்லை. ஆனால் நடைமுறையில் மூன்றாவதாக ஒரு பகுதியும் வேண்டியிருக்கிறது: மாற்ற முடியுமா முடியாதா என்பது இன்னும் தெரியாதவை. பலருடைய நிம்மதியின்மைக்கு உண்மையான இருப்பிடம் இந்த மூன்றாம் பகுதிதான். இழப்பு உறுதியாகத் தெரிந்துவிட்டால் மனம் காலப்போக்கில் அதற்குப் பழகிவிடும்; பரிசோதனை முடிவுக்காகவோ பதில் வராத கடிதத்துக்காகவோ காத்திருக்கும்போது, நம்பவும் முடியாமல் கைவிடவும் முடியாமல் அது தவிக்கும்.

தாளில் உள்ள ஒவ்வொரு வரியின் அருகிலும் மாற்றக்கூடியது, மாறாதது, தெரியாதது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே குறையின் வெவ்வேறு பாகங்கள் வெவ்வேறு பகுதிகளில் வரலாம். நாம் பார்த்த மனிதருக்கு, பிரிவினையின்போது பேசிய கடுஞ்சொற்கள் மாறாதவை. தம் பங்குக்கு மன்னிப்புக் கேட்பது அவரால் முடிந்தது. அண்ணன் அதை ஏற்பாரா என்பது தெரியாதது.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். அடி, மிரட்டல், இடைவிடாத அவமதிப்பு, உழைப்புச் சுரண்டல் ஆகியவற்றை "மாறாதது" என்ற பகுதியில் எழுதிவிடாதீர்கள். ஏற்றுக்கொள்ளுதல் என்பது நோய், முதுமை, கடந்துபோன காலம், பிறருடைய மனம் போன்றவற்றுக்கு உரியது. உங்களைத் துன்புறுத்தும் ஒருவரை விட்டு விலகுவதும் அவரைத் தடுக்க உதவி கேட்பதும் எப்போதும் "மாற்றக்கூடியது" என்ற பகுதியில்தான் வரும், அதற்குப் பிறர் துணை தேவைப்பட்டாலும் சரி. பொறுமையைப் போதிப்பவர்கள் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் விடும்போது, ஏற்கெனவே நொந்து கிடப்பவர்களுக்கு அவர்கள் மேலும் தீங்கையே செய்கிறார்கள்.

படி 3: மாற்றக்கூடியவற்றுக்கு நாள் குறியுங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். மாற்றக்கூடிய ஒவ்வொன்றுக்கும் அடுத்து செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலையும் அதைச் செய்யும் நாளையும் எழுதுங்கள். "உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று எழுதுவதில் பயனில்லை. "வியாழக்கிழமை காலை இரத்தப் பரிசோதனை" என்று எழுதுங்கள். மாசிகாம்போ, பௌமைஸ்டர் ஆகிய இருவரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வுகளின்படி, முடிக்காத வேலை ஒன்றை எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாக முடிவு செய்துவிட்டாலே, அந்த வேலை முடியாதிருக்கும் நிலையிலும் அதைப் பற்றிய எண்ணம் மனத்துக்குள் நுழைந்து தொந்தரவு செய்வது குறைகிறது. நாள் குறித்த பிறகும் கவலை இடைமறித்தால், அதற்கென்று மாலையில் அரைமணி நேரத்தை ஒதுக்கி, "அப்போது பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லி ஒத்திவையுங்கள். நாள்பட்ட கவலைக்குத் தரப்படும் உளவியல் சிகிச்சையில் 1980-களிலிருந்து பயன்பட்டு வரும் முறை இது. படுக்கைக்குப் போகும் நேரத்தை மட்டும் அதற்கு ஒதுக்காதீர்கள்.

படி 4: மாறாதவற்றுக்காகத் துயரப்பட இடம் கொடுங்கள்

இந்த வழிகாட்டியில் மிகக் கடினமானதும் பெரும்பாலோர் தாண்டிக் குதிக்க நினைப்பதும் இந்தப் படிதான். மாறாத ஒன்றை ஏற்றுக்கொள்வது என்றால் அதைப் பற்றிக் கவலைப்படாமல் இருப்பது என்று பொருள்கொண்டு, நினைவு வரும்போதெல்லாம் அதைத் துரத்துகிறோம். துரத்துவதால் அது போவதில்லை. டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் 1987-இல் நடத்திய சோதனை இதைத் தெளிவாகக் காட்டியது. வெள்ளைக் கரடியைப் பற்றி நினைக்கக் கூடாது என்று சொல்லப்பட்டவர்கள், அந்த 5 நிமிடத்திலும் அதைத் திரும்பத் திரும்ப நினைத்தார்கள். அதன்பின் தாராளமாக நினைக்கலாம் என்று அனுமதி கிடைத்தபோது, தொடக்கத்திலிருந்தே நினைக்க அனுமதிக்கப்பட்டவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். ஒரு விலங்கைப் பற்றிய எண்ணத்துக்கே இது பொருந்துமானால், பிறக்காமல் போன குழந்தையையோ கைநழுவிய வாய்ப்பையோ பற்றிய எண்ணத்தை எப்படித் துரத்த முடியும்?

ஆகவே இந்தப் படியில் செய்ய வேண்டியது, அந்தத் துக்கத்தை வரவிடுவது. தனியாக இருக்கக்கூடிய ஓர் இடத்தில் உட்காருங்கள். மாறாதவற்றில் ஒரே ஒரு வரியை மட்டும் எடுத்துப் படியுங்கள். மனம் உடனே வழக்காடத் தொடங்கும்: அன்று அப்படிச் செய்திருந்தால், அவர் அப்படிப் பேசாமல் இருந்திருந்தால். அதோடு விவாதிக்காமல் கவனத்தை உடலுக்குக் கொண்டுவாருங்கள். துக்கம் உடலில் எங்கோ ஓரிடத்தில் தெரியும். தொண்டை அடைக்கும், நெஞ்சு இறுகும், அடிவயிறு கனக்கும், சிலருக்குத் தாடை கல்லாகிவிடும். அந்த இடத்தை அப்படியே கவனித்துக்கொண்டு, மூச்சை உள்ளிழுப்பதைவிட வெளிவிடுவதை நீளமாக்குங்கள். நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 மூச்சு என்ற வேகம் பலருக்கு ஒத்துவருகிறது. மூச்சை வெளிவிடும்போது இதயத் துடிப்பு சற்றே மெதுவாவது உடலின் இயல்பு. நீண்ட வெளிமூச்சு அந்த இயல்பையே பயன்படுத்திக்கொள்கிறது. இறுக்கம் கூடும், பிறகு தளரும், மறுபடி கூடும். 10 நிமிடம் போதும். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வேறு வேலையைப் பாருங்கள்.

இதைச் செய்யும்போது பலருக்குத் துக்கத்தோடு தன்மீதான கோபமும் சேர்ந்து வரும். "நானே கெடுத்துக்கொண்டேன்" என்ற அந்தக் குரல் கண்டிப்பான நீதிபதியைப்போல் பேசுவதால் அதை நேர்மை என்று எடுத்துக்கொள்கிறோம். தன்னிடம் பரிவு காட்டுவதைப் பற்றி 2003 முதல் எழுதிவரும் கிறிஸ்டின் நெஃப் அதில் மூன்று கூறுகளைக் காட்டுகிறார்: தன்னை வதைக்காமல் கனிவோடு நடத்துவது, தவறுவதும் துன்பப்படுவதும் மனிதர் எல்லோருக்கும் பொதுவானவை என்று உணர்வது, வலியை மிகைப்படுத்தாமலும் மறைக்காமலும் உள்ளபடி பார்ப்பது. இவற்றில் இரண்டாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். குறை நம்மைப் பிறரிடமிருந்து பிரித்துத் தனியே நிறுத்திவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் நம்மைப் போலவே வெளியே சொல்லாமல் ஏதோ ஒன்றைச் சுமக்காத மனிதர் எவரும் நம்மைச் சுற்றி இல்லை. செய்த தவறு உண்மையிலேயே பெரிதாக இருந்தால், பரிவு அதை மறைக்கச் சொல்வதில்லை. செய்யக்கூடிய பரிகாரத்தை மூன்றாம் படிக்கு நகர்த்துங்கள். தண்டனையை நீட்டிப்பதால் பாதிக்கப்பட்டவருக்கு எதுவும் கிடைக்கப்போவதில்லை.

"தெரியாதது" என்று குறித்த வரிகளுக்கும் இதே பயிற்சிதான், ஒரு மாற்றத்தோடு. முடிவு தெரியும்வரை நம்பிக்கையையும் பயத்தையும் சேர்த்தே வைத்துக்கொள்ளலாம் என்று உங்களுக்கு நீங்களே அனுமதி கொடுங்கள். ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும் என்ற கட்டாயம்தான் களைப்பைத் தருகிறது.

படி 5: "போதும்" என்பதன் அளவை நீங்களே முடிவு செய்யுங்கள்

குறைகளில் ஒரு பகுதி ஒப்பிடும்போது மட்டும் பிறப்பது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக் போட்டிகளின் காட்சிப் பதிவுகளை வைத்து மெட்வெக், மேடி, கிலோவிச் ஆகியோர் செய்து 1995-இல் வெளியிட்ட ஆய்வில், வெண்கலம் வென்றவர்களின் முகங்கள் வெள்ளி வென்றவர்களின் முகங்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தன. உலகிலேயே இரண்டாமவராக நிற்பவர் கைக்கு வராத தங்கத்தைப் பார்க்கிறார். மூன்றாமவர் பதக்கமே இல்லாமல் போயிருக்கக்கூடிய நிலையைப் பார்க்கிறார். பதக்கத்தின் தரம் இங்கே மகிழ்ச்சியின் அளவை முடிவு செய்யவில்லை.

கைப்பேசி வந்த பிறகு இந்த ஒப்பீடு ஓய்வே இல்லாததாகிவிட்டது. இரவு படுத்தபடி திரையைத் தள்ளிக்கொண்டே போகும் ஒருவர் கால்மணி நேரத்தில் ஒரு திருமணத்தையும் ஒரு பதவி உயர்வையும் ஒரு புது வீட்டையும் ஒரு வெளிநாட்டுப் பயணத்தையும் பார்த்துவிடுகிறார். அவை நான்கும் நான்கு வெவ்வேறு மனிதர்களுடையவை. மனம் அவற்றை ஒட்டிச் சேர்த்து, எல்லாமே வாய்த்த ஒரே மனிதரை உருவாக்கி, அவரோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்கிறது. அப்படி ஒருவர் எங்கும் இல்லை. பார்த்தவுடன் எந்தச் சமூக ஊடகக் கணக்குகள் உங்களைச் சிறுமைப்படுத்துகின்றன என்பதைக் கவனித்து, அவற்றின் பதிவுகள் கண்ணில் படாமல் செய்துகொள்வது பொறாமையோ கோழைத்தனமோ ஆகாது. படுக்கையறைக்கு வெளியே கைப்பேசியை வைத்துவிடுவது அதைவிட எளிது.

ஆனால் ஒப்பீட்டைக் குறைத்தால் மட்டும் போதாது; அதன் இடத்தில் வேறோர் அளவு வேண்டும். 1978-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமன், 1950-களிலேயே இதற்கு ஒரு வழியைக் காட்டினார். மனிதர்கள் எல்லா வாய்ப்புகளையும் அலசி மிகச் சிறந்ததைத் தேர்ந்தெடுப்பதில்லை, தங்கள் தேவைக்குப் போதுமான ஒன்று கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுகிறார்கள், அதுவே அறிவுடைய செயலாகவும் இருக்கக்கூடும் என்பது அவருடைய கருத்து. ஐயங்கார், வெல்ஸ், ஷ்வார்ட்ஸ் ஆகியோர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது: மிகச் சிறந்த வேலைதான் வேண்டும் என்று தேடிய பட்டதாரிகள் மற்றவர்களைவிட 20 சதவீதம் கூடுதலான தொடக்கச் சம்பளம் பெற்றார்கள், கிடைத்த வேலையில் அவர்களுக்கு இருந்த நிறைவோ குறைவாக இருந்தது.

எனவே வருமானம், வீடு, உடல்நலம், உறவு, வேலை என்று உங்கள் வாழ்வில் முக்கியமான ஒவ்வொன்றுக்கும் "இவ்வளவு இருந்தால் எனக்குப் போதும்" என்பதைச் சொற்களில் எழுதுங்கள். உடல்நலத்துக்கு "நோயே இல்லாமல் இருப்பது" என்று எழுதினால் தோல்வி உறுதி. "மருந்தோடு, என் வேலைகளை நானே செய்துகொள்ளும்படி இருப்பது" என்று எழுதினால் அது பலருக்கு ஏற்கெனவே கிடைத்திருக்கும். உறவுக்கு "எல்லோரும் என்னைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்பதற்குப் பதில், "மனம் விட்டுப் பேச இரண்டு பேர்" என்று எழுதலாம். இது ஆசையை அடக்குவதாகாது. போதுமென்று வகுத்த அளவுக்கு மேலும் நீங்கள் முயலலாம், வெல்லலாம். அந்த முயற்சி உங்கள் விருப்பத்தால் நடக்கும்; நிம்மதி அதன் முடிவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

படி 6: இருப்பதைக் குறித்துவையுங்கள்

நல்லது எதுவும் சில காலத்தில் பழகிப்போய்விடுகிறது. லாட்டரியில் பெருந்தொகை வென்ற 22 பேரிடம் பிரிக்மனும் அவருடைய சகாக்களும் 1978-இல் பேசியபோது, அவர்கள் மற்றவர்களைவிடக் குறிப்பிடத்தக்க அளவு மகிழ்ச்சியாக இல்லை என்பதும், அன்றாடச் சிறு இன்பங்களில் அவர்களுக்குச் சுவை குறைந்திருந்தது என்பதும் தெரிந்தது. மிகச் சிறிய ஆய்வுதான். பணம் வாழ்க்கைத் திருப்தியைக் கூட்டுவதைப் பின்னாளைய பெரிய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கைக்கு வந்தது பழகிப்போகும் என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே.

இதற்கு மாற்றாக, வாரம் ஒருமுறை, அந்த வாரத்தில் நன்றி சொல்லத் தோன்றிய சிலவற்றை எழுதிவையுங்கள். எம்மன்ஸும் மெக்கல்லோவும் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் இப்படி 10 வாரங்கள் எழுதியவர்கள், தொந்தரவுகளை எழுதியவர்களைவிடத் தங்கள் வாழ்க்கையைப் பற்றி நல்லவிதமாக உணர்ந்தார்கள். பொதுவாக எழுதாமல் குறிப்பாக எழுதுங்கள். "நல்ல குடும்பம்" என்று எழுதினால் மனம் அதைத் தாண்டிப் போய்விடும். "நான் தாமதமாக வந்த அன்று எனக்காக வாசல் விளக்கை அணைக்காமல் வைத்திருந்தார்கள்" என்று எழுதினால் நிற்கும். துக்கம் முட்டிக்கொண்டிருக்கும் வாரத்தில் இதை வலிந்து செய்யாதீர்கள். நான்காம் படியை முடிக்காமல் ஆறாம் படிக்கு வருகிறவர்களுக்கு நன்றிப் பட்டியல், வலியை மூடிவைக்கும் வேலையைத்தான் செய்யும்.

படி 7: துணையோடு இருங்கள், மாதம் ஒருமுறை தாளைத் திருத்துங்கள்

தாளில் உள்ளவற்றில் ஒன்றையாவது நம்பிக்கையான ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தொடங்கும்போதே, "எனக்கு ஆலோசனை வேண்டாம், கேட்டால் போதும்" என்று சொல்லிவிடுவது இருவருக்கும் உதவும். ஒரு நாளின் பெரும்பகுதி மனச்சோர்வு, எதிலும் நாட்டமின்மை, தூக்கத்திலோ பசியிலோ பெரிய மாற்றம் ஆகியவை 2 வாரங்களுக்கு மேல் நீடித்தால், அதை இந்தப் படிகளால் சரிசெய்ய முயலாமல் மருத்துவரிடம் செல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள். மனச்சோர்வு நோய் சிகிச்சையால் குணமாகக்கூடியது.

மாதம் ஒருமுறை பழைய தாளை எடுத்துப் படியுங்கள். வலி போய்விட்டதா என்று தேட வேண்டாம். நினைவு வந்தபோது எத்தனை நேரம் வழக்காடினீர்கள், முன்னைவிடச் சீக்கிரமாகக் கைவேலைக்குத் திரும்ப முடிந்ததா, சாப்பிடும்போது சுவை தெரிந்ததா, பிறர் பேசும்போது காது கொடுத்துக் கேட்க முடிந்ததா என்பவற்றைப் பாருங்கள். முன்னேற்றம் முதலில் தெரிவது இங்கேதான். முடிந்துபோன வரிகளை அடித்துவிடுங்கள். சில வரிகள் பகுதி மாறியிருக்கும்: மன்னிப்புக் கேட்ட பிறகும் அண்ணன் பேச விரும்பவில்லை என்று திட்டமாகத் தெரிந்துவிட்டால், "தெரியாதது" என்றிருந்த அந்த வரி அன்றுமுதல் "மாறாதது" ஆகிறது. அப்படி இடம் மாறிய வரிக்கு மட்டும் நான்காம் படியை முதலிலிருந்து செய்யுங்கள். ஏற்கெனவே துயரப்பட்டு முடித்த மற்ற வரிகளை மறுபடி கிளற வேண்டியதில்லை.